லொகேஷன் ப்ளீஸ்

போன ஜனவரியில எடுத்த ஒரு போட்டோ என் போன்ல கெடக்கு, இன்னும் ஒருத்தருக்கும் அனுப்பலை. அப்படி ஒண்ணும் நல்ல போட்டோ இல்லை. ஒரு பாறைச் சுவர், விளிம்புல காஞ்ச செடி, அதுக்குக் கீழ பாறை கலர்லயே ஒரு மேடு. பெருசு பண்ணிப் பாத்தாத்தான் அந்த மேட்டுல ரெண்டு ஆரஞ்சுக் கண்ணு இருக்கிறது தெரியும், கண்ணுக்கு மேல கொம்பு மாதிரி ரெண்டு இறகுக் கொத்து. கொம்பன் ஆந்தை. பறவை பாக்குற யாருகிட்ட இதைக் காட்டினாலும் அடுத்த நிமிஷம் என்ன பதில் வரும்னு எனக்கு மனப்பாடம். "சூப்பர் மேடம், லொகேஷன் ப்ளீஸ்."

அந்தக் கேள்விக்கு நான் எத்தனையோ தடவை பதில் போட்டிருக்கேன். நானே எத்தனையோ பேருகிட்ட கேட்டும் இருக்கேன், வெக்கமே இல்லாம, ஒரு குட் மார்னிங்கூட சொல்லாம. இப்ப கொஞ்ச வருஷமா அதைப் பாத்தாலே வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது.

நான் பாளையங்கோட்டைக்காரி. சின்னச் சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பாத்து ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறது தொழில். வீட்டுலயே ஒரு டேபிள், ஒரு லேப்டாப், மாசத்துல பாதி நாள் மக்கர் பண்ற ஒரு பிரிண்டர். 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்துச்சு, அதே வருஷம் கார்த்திகையில வாத்து வந்துச்சு, ரெண்டும் ஒரே ஆளு மூலமாத்தான் என் வாழ்க்கைக்குள்ள வந்துச்சு. ஒரு ஸ்டேஷனரிக் கடை அண்ணாச்சி. பில்லெல்லாம் வாங்கிட்டு வரலாம்னு போனா கல்லாவுக்குக் கீழ, ரப்பர் ஸ்டாம்ப் டப்பா பக்கத்துல, ஒரு பைனாகுலர்.

"என்ன அண்ணாச்சி, மேட்ச் பாக்கவா?"

"இல்லம்மா, குளத்துக்கு. ஒரு நா காலையில வாங்க, காட்டுதேன்."

நான் சும்மா சொல்றாருன்னு நினைச்சேன். அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில அவரும் அவர் சம்சாரமும் ஸ்கூட்டர்ல வந்து வாசல்ல நிக்காங்க. கூட்டிட்டுப் போனது வேற எங்கயும் இல்லை, புது பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருக்கிற வேய்ந்தான்குளம். வாழ்க்கையில ஆயிரம் தடவை பஸ் ஜன்னல் வழியா பாத்த குளம்தான், ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் தவிர அதுல எதுவும் என் கண்ணுல பட்டதில்லை. அண்ணாச்சி பைனாகுலரைக் கையில கொடுத்து, "அந்தக் கறுப்பு வாத்தைப் பாருங்க, ஆனா அது வாத்தில்ல"ன்னாரு. பாத்தேன். உடம்பு முழுக்கக் கரி, நெத்தியில மட்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. நாமக்கோழி. சரின்னு பைனாகுலரைத் திருப்பிக் கொடுக்கப் போனப்ப அது தலையைத் திருப்புச்சு. கண்ணு ரத்தச் சிவப்பு. அப்புறம் சேத்துல ஏறி நின்னுச்சு பாருங்க, காலு கோழிக் காலும் இல்லை, வாத்துக் காலும் இல்லை, ஒவ்வொரு விரலுக்கும் இலை ஒட்டி வச்ச மாதிரி தட்டை தட்டையா. பின்னாடி நாகர்கோவில் பஸ்ஸு ஹாரன் அடிச்சுட்டே இருக்கு, நான் அந்தக் காலையே பாத்துட்டு நிக்கேன்.

அதுக்கப்புறம் நானா போக ஆரம்பிச்சேன். ஒரு பொம்பளை தனியா விடியக்காலையில குளத்தாங்கரையில பைனாகுலரோட நின்னா என்னென்ன கேள்வி வரும்னு ஒரு லிஸ்ட்டே போடலாம். "சர்வேயாம்மா?" "குளத்தைத் தூர்வாரப் போறாங்களா?" "பட்டா மாத்துறது சம்பந்தமாவா?" ஒரு தடவை ஒரு அண்ணன் வண்டியை நிறுத்தி ரொம்ப மரியாதையா, "மேடம், கரைக்கு அந்தப்பக்கம் எங்க அத்தை வீடு ஒண்ணு இருக்கு, அதை எடுத்துருவாங்களா?"ன்னு கேட்டாரு. பறவை பாக்குறேன்னு சொன்னா நம்பமாட்டாங்க. எங்க மாமியாரு இன்னிக்கு வரைக்கும் நம்பலை, வெளியூர்க்காரங்க கேட்டா "மருமக வாக்கிங் போறா"ன்னுதான் சொல்வாங்க.

இப்ப நான் வழக்கமா போற குளம் வேற. ஊர்ப் பேரு சொல்லமாட்டேன், எங்க குளம்னு மட்டும் வச்சுக்கோங்க. பாளையங்கோட்டையில இருந்து ஸ்கூட்டியில போற தூரம், ஒரு பக்கம் பிசான நெல்லு வயல், ஒரு பக்கம் உடைமரக்காடு, அதுக்குப் பின்னால ஒரு பாறைப் பொத்தை, சின்னக் குன்று. அங்கதான் ஆட்டுக்காரத் தாத்தா பழக்கம். எழுபதுக்கு மேல இருக்கும். முதல் நாள் என்னைப் பாத்து எதுவும் கேக்காத ஒரே ஆளு அவருதான். நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ பக்கத்துல வந்து நின்னு, "முக்குளிப்பான் குஞ்சு பொரிச்சிருக்கு, பாத்தியளா, தெக்க"ன்னாரு. ஆமா, தெக்க இருந்துச்சு. அம்மா முதுகுல ஏறி உக்காந்த வரிக்குதிரைக் குஞ்சுங்க மூணு.

எங்க குளத்துல இன்னொரு வேடிக்கை, நீளவால் இலைக்கோழி. முட்டை போடுற காலத்துல அதோட வாலைப் பாக்கணுமே, உடம்பை விட வாலுதான் நீளம். பொம்பளைக் கோழி முட்டையைப் போட்டுட்டு அடுத்த ஆம்பளையைத் தேடிப் போயிரும், அடைகாக்குறது, குஞ்சை மேய்க்கிறது, ஆபத்துன்னா றெக்கைக்குள்ள அள்ளிட்டு ஓடுறது எல்லாம் அப்பாதான். இதை வீட்டுல சொன்னப்ப எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் பேசலை, டிவி சவுண்டைக் கூட்டிக்கிட்டாரு.

சரி, விஷயத்துக்கு வரேன். ஒரு பறவையைப் பாத்தா அதை யாருகிட்டயாவது சொல்லணும்னு ஒரு அரிப்பு இருக்கு பாருங்க, அது பறவை பாக்குறதுலயே பாதி. தனியா பாத்துட்டு வந்து தனியா டீ குடிச்சா அன்னிக்குப் பாத்த மாதிரியே இருக்காது. அண்ணாச்சிதான் என்னை வாட்ஸ்அப் க்ரூப்புல சேத்துவிட்டாரு. நெல்லை, தூத்துக்குடி, தென்காசி எல்லாம் கலந்த க்ரூப். பேங்க்ல வேலை பாக்குறவங்க, டீச்சருங்க, ஒரு பல் டாக்டர், காலேஜ் பசங்க. குட் மார்னிங் மெசேஜ் போட்டா அட்மின் தூக்கிருவாரு. யாராவது மங்கலா ஒரு போட்டோவைப் போட்டு "ஐடி ப்ளீஸ்"னு கேட்டா அஞ்சு நிமிஷத்துல நாலு பதில், நாலும் வேற வேற. ஒரு பொறி உள்ளானா பச்சை உள்ளானான்னு ராத்திரி பதினொண்ணரை வரைக்கும் சண்டை போட்டதெல்லாம் உண்டு. (பொறி உள்ளான்தான். முதுகுல புள்ளி நிறைய, புருவக்கோடு கண்ணைத் தாண்டிப் போகும், காலு மஞ்சக் கலந்திருக்கும். பச்சை உள்ளான் பறக்கும்போது றெக்கைக்கு அடியில கறுப்பா தெரியும். இப்ப தெளிவா சொல்றேன், அன்னிக்கு நான் தப்பான கட்சியில இருந்தேன்.)

அப்புறம் ஈபேர்டு. அமெரிக்காவுல கார்னெல் பறவை ஆய்வகம் 2002ல ஆரம்பிச்சது, இப்ப உலகம் முழுக்க ஆளுங்க பாத்த பறவையை எண்ணி அதுலதான் ஏத்துறாங்க. எனக்கு அது பழகுறதுக்கு ரெண்டு நாள்கூட ஆகலை. தேதி, நேரம், இடம், எத்தனை, சப்மிட். என் தொழிலே அதானே. கடைசியில ஒரு கேள்வி கேக்கும், உங்களால அடையாளம் காண முடிஞ்ச எல்லாப் பறவையையும் போட்டீங்களான்னு. ஆமான்னு சொன்னாத்தான் அந்த லிஸ்ட்டுக்கு மதிப்பு, ஏன்னா அப்பத்தான் நீங்க போடாத பறவை அங்க இல்லைங்கிறதும் ஒரு தகவலாகும். இதை எங்க அண்ணாச்சிக்குப் புரிய வைக்க ஒரு மாசமாச்சு. அவரு காக்காயைப் போடமாட்டாரு. "காக்கா எல்லா இடத்துலயும்தானம்மா இருக்கு, அதை எதுக்கு எண்ணணும்?" பில்லே போடாம வித்த சரக்கு மாதிரி அண்ணாச்சி அதுன்னு சொன்ன பிறகுதான் காக்கா லிஸ்ட்டுக்குள்ள வந்துச்சு.

தப்பும் பண்ணியிருக்கேன், சின்னத் தப்பில்லை. 2018 டிசம்பர்ல எங்க குளத்துல நாப்பது கிளுவை வாத்து இருக்குன்னு ஏத்திட்டேன். எல்லாம் பழுப்பா, சின்னதா, ஆம்பளையே இல்லாம ஒரு கூட்டம். ரெண்டு நாள்ல ஒரு மெயில். சரிபாக்குற தன்னார்வலர் ஒருத்தரு, ரொம்ப மரியாதையா, இது பெண் கார்கேனியா இருக்க வாய்ப்பு இருக்கா, போட்டோ இருக்கான்னு கேட்டிருந்தாரு. கார்கேனின்னா நீலச்சிறகு வாத்து, நம்ம பக்கத்துக்குக் குளிர்காலத்துல கூட்டங்கூட்டமா வர்றது அதுதான். எனக்கு வந்த கோவம் இருக்கே! கணக்குல தப்புன்னு நோட்டீஸ் வந்த மாதிரி. யாரு இவரு, குளத்துல நின்னது நானா அவரானு மூணு நாள் பதிலே போடலை. நாலாவது நாள் ராத்திரி போட்டோவைத் திறந்தேன். முகத்துல கண்ணு வழியா ஒரு கறுப்புக் கோடு, அலகு ஆரம்பிக்கிற இடத்துல வெள்ளையா ஒரு பொட்டு. அத்தனையும் கார்கேனி. மாத்திட்டு ஸாரின்னு ஒரு பதில் போட்டேன். அவரு "நாங்களும் இப்படித்தான் கத்துக்கிட்டோம்"னு பதில் போட்டாரு. அதுக்கப்புறம், குரலைக் கேட்டு பறவைப் பேரு சொல்ற மெர்லின் ஆப் சொல்றதைக்கூட அப்படியே நம்புறதில்லை. ஒரு நாள் அது வல்லூறு கத்துதுன்னு காட்டுச்சு, நிமிந்து பாத்தா கரண்டு கம்பியில ஒரு கரிச்சான் குருவி, வல்லூறு மாதிரியே குரல் எடுத்து மைனாவை விரட்டிக்கிட்டு இருக்கு.

2011ல இருந்து தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புன்னு வருஷா வருஷம் ஜனவரியில நடக்குது, மணிமுத்தாறுல இருக்கிற, ஏட்ரீங்கிற சூழல் ஆய்வு நிறுவனத்தோட அகத்தியமலை மையம் நடத்துறது. 2015ல இருந்து பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் சேந்துக்கிச்சு, பொங்கல் லீவு நாலு நாளும் எங்க இருந்தாலும் குறைஞ்சது 15 நிமிஷம் பாத்து எண்ணி ஏத்தணும். எனக்கு இருபதாம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட கடைசி நாள், வீட்டுல பொங்கப்பானை, கரும்பு, நாத்தனார் குடும்பம், இதுக்கு நடுவுல காலையில அஞ்சரைக்கு நான் ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணாம தெருமுனை வரைக்கும் தள்ளிட்டுப் போற கொடுமையை யாருகிட்ட சொல்ல. ஆனா 2023ல இந்தியப் பறவைகளோட நிலைன்னு ஒரு அறிக்கை வந்துச்சு, நாடு முழுக்க 30,000 பேருக்கு மேல ஏத்துன 3 கோடிப் பதிவை வச்சு 942 இனத்தை அலசியிருந்தாங்க. அந்த 3 கோடியில என்னோட கார்கேனியும் இருக்கும், அண்ணாச்சியோட காக்காயும் இருக்கும். 178 இனத்துக்கு உடனே கவனம் வேணும்னு அதுல சொல்லியிருந்தாங்க. அண்ணாச்சிக்கு இதைப் படிச்சுக் காட்டினப்ப, "அப்ப நாம போட்டது யாரோ பாக்காங்க"ன்னு மட்டும் சொன்னாரு.

அந்த வருஷ டிசம்பர்லதான் வெள்ளம். 17, 18 தேதி. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி ஊருக்குள்ள வந்துருச்சு, என் கிளையன்ட்ல மூணு பேரு கடை பில்லு, லெட்ஜரோட போச்சு. அடுத்த ஜனவரியில குளத்துக்குப் போனா கரை தளும்பத் தண்ணி. தண்ணி நிறைய இருந்தா பறவைக்குக் கொண்டாட்டம்னு நினைப்போம்ல, அப்படி இல்லை. உள்ளானுக்கு வேண்டியது கணுக்கால் ஆழத்துச் சேறு. அந்த ஓரமே தண்ணிக்குள்ள போயிட்டா அது எங்க நிக்கும்? நாப்பது அம்பது உள்ளான் நிக்குற இடத்துல ரெண்டே ரெண்டு, அதுவும் ரோட்டோரப் பள்ளத்துல.

லொகேஷன் கொடுத்து சந்தோஷப்பட்டதும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2019 ஜனவரி, எங்க குளத்துல வரித்தலை வாத்து இறங்குச்சு. நம்ம மாவட்டத்துல அதைப் பாக்கணும்னா கூந்தன்குளத்துக்குப் போவாங்க. 1994லயே சரணாலயம்னு அறிவிச்ச இடம், மஞ்சள்மூக்கு நாரையெல்லாம் ஊருக்குள்ள வீட்டு மரத்துலயே கூடு கட்டும், அந்த ஊர்க்காரங்க அதைத் தொந்தரவா நினைக்கிறதில்லை. அப்பேர்ப்பட்ட வாத்து, மங்கோலியா, திபெத்துப் பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு இமயமலையைத் தாண்டி வர்ற வாத்து, எங்க ஊருக் குளத்துல, ஒரு ஆட்டுக்கிடைக்குப் பக்கத்துல நின்னு புல்லு மேயுது. வெள்ளைத் தலையில பின்பக்கமா ரெண்டு கறுப்புப் பட்டை, ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி. கை நடுங்கிப் போச்சு. லொகேஷன் பின்னோட போட்டேன். ஞாயித்துக்கிழமை பதினோரு பேரு வந்தாங்க. பல் டாக்டரு பெரிய ஸ்கோப்பு கொண்டு வந்து ஸ்டாண்டுல போட்டாரு, ஊர்ப்பசங்க எல்லாம் வரிசையில நின்னு பாத்தாங்க, ஒரு பையன் "அது கண்ணு சிமிட்டுது"ன்னு கத்துனான். எல்லாரும் கரையிலயே நின்னோம், வாத்து ஒரு அடி நகரலை. அப்புறம் முக்குக் கடையில டீயும் உளுந்தவடையும். வீட்டுக்கு வரும்போது பண்டிகைக்குப் போயிட்டு வந்த மாதிரி இருந்துச்சு.

அந்தச் சந்தோஷத்துலதான் 2021 பிப்ரவரியில அந்தத் தப்பைப் பண்ணினேன்.

குளத்துக்குப் பின்னாடி பொத்தையில கைவிட்ட கல்குவாரி ஒண்ணு இருக்கு. ஒரு நாள் சாயங்காலம் இருட்டப்போற நேரம் அங்க இருந்து ஆழமா ஒரு சத்தம், காலிப் பானைக்குள்ள வாயை வச்சு ஊதுற மாதிரி, பூ...ம்னு. அடுத்த நாள் காலையில போயி குவாரியோட எதிர்ப்பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு பாறை விளிம்பா பைனாகுலர்ல தடவிட்டு வந்தேன். நாப்பது நிமிஷம். ஒண்ணுமில்லைன்னு எந்திரிக்கிறப்ப ஒரு பாறை கண்ணைத் திறந்துச்சு. கொம்பன் ஆந்தை, ஒரு சின்னப் புதருக்கு அடியில, வெறும் மண்ணுல, அடை உக்காந்திருக்கு. இது மரத்துல கூடு கட்டுற ஜாதி இல்லை, பாறை இடுக்குலயோ தரையிலயோ அப்படியே முட்டை போடும்.

போட்டோ எடுத்தேன். க்ரூப்புல போட்டேன். முதல் ஆளா போடணும்ங்கிற அந்த அல்பத்தனமும் இருந்துச்சு, இப்ப ஒத்துக்கிறேன். லைஃபர், லைஃபர்னு (வாழ்க்கையில முதல் தடவையா பாக்குற பறவையை அப்படித்தான் சொல்வோம்) கைதட்டுற பொம்மையெல்லாம் வந்து விழுது, "லொகேஷன் ப்ளீஸ்" மட்டும் ஒன்பது பேரு. பின் போட்டேன். அன்னிக்கு அந்த க்ரூப்புல 84 பேரு.

சனிக்கிழமை இருபதாம் தேதி, நான் லேப்டாப்பை விட்டு எந்திரிக்கலை. ஞாயித்துக்கிழமை காலையில போறேன், உடைமரக்காட்டுப் பாதையில அஞ்சு கார். ரெண்டு வெளி மாவட்டத்து நம்பர். குவாரிக்குள்ள எனக்குத் தெரிஞ்ச முகம் ரெண்டு, மிச்சமெல்லாம் பாத்தே இராத ஆளுங்க, ஆளுக்கு ஒரு பீரங்கி மாதிரி லென்ஸ். ஒருத்தன் போன்ல ஸ்பீக்கரை மாட்டி ஆந்தைக் குரலைப் போட்டுக்கிட்டே இருக்கான், ஆண் ஆந்தை பட்டப்பகல்ல வெளியில வந்து சுத்துது, அதைக் காக்காக் கூட்டம் கொத்தி விரட்டுது. அந்தப் புதரைக் காணோம். க்ளியர் ஷாட்டுக்காக யாரோ மேல ஏறி வெட்டியிருக்காங்க. வெட்டின கிளை கீழ கெடக்கு, இலை இன்னும் வாடலை.

நான் கத்தினேன், என்ன கத்தினேன்னு சரியா ஞாபகம் இல்லை. அதுல ஒருத்தரு, வயசான ஆளு, கேமராவுல இருந்து கண்ணை எடுக்காமலே அமைதியா கேட்டாரு, "மேடம், நீங்கதானே லொகேஷன் போட்டது?"

அதுக்கு என்ன பதில் சொல்ல முடியும் சொல்லுங்க.

மூணு நாள் கழிச்சுப் போனப்ப தாத்தா குவாரி வாசல்லயே நின்னாரு. "உள்ள போவாதிய. ஒண்ணும் இல்ல. நாயா நரியா தெரியல, முட்டைத் தோடு மட்டும் கெடக்கு." என்னை ஒண்ணும் திட்டலை. ஆட்டை ஓட்டிட்டுப் போயிட்டாரு, அவ்வளவுதான். அந்த ஆந்தை அவங்க அய்யா காலத்துல இருந்து அந்தப் பொத்தையிலதான் இருக்குன்னு அப்புறம் ஒரு நாள் பேச்சுவாக்குல சொன்னாரு. அவரு கூகைன்னுதான் சொல்வாரு. அத்தனை வருஷத்துல அவரு யாருகிட்டயும் அதைச் சொன்னதில்லை, எங்கிட்டயும்தான், ஒவ்வொரு நாளும் பாத்துப் பேசுற எங்கிட்டயும்.

க்ரூப்புல பெரிய சண்டை. நாங்க ஒரு முட்டையையும் தொடலைன்னு ஒரு கட்சி, இனிமே கூடு இருக்கிற போட்டோவே கூடாதுன்னு ஒரு கட்சி. எனக்கு அதை விடப் பெரிய பயம் வேற. ஆந்தை வருஷா வருஷம் அதே இடத்துக்குத் திரும்பி வரும். நான் போட்ட பின்னு 84 போன்ல இருக்கு, ஃபார்வர்டு எத்தனைன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். தீபாவளி சமயத்துல மாந்திரீகத்துக்குன்னு ஆந்தை பிடிக்கிற கும்பல் இன்னும் இந்த நாட்டுல இருக்கு. 1972 வனவிலங்குச் சட்டப்படி குத்தம்தான், இருந்தும் நடக்குது, அதுலயும் கொம்பு வச்ச பெரிய ஆந்தைக்குத்தான் கிராக்கி. ரெண்டு வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் சாயங்காலமானா எனக்கு வீட்டுல இருப்பு கொள்ளாது. போயி குவாரி பக்கம் காதை வச்சுட்டு நிப்பேன். ஒரு சத்தமும் கேக்கலை.

க்ரூப்பை விட்டு வெளிய வந்தேன், எட்டு மாசம் கழிச்சு அண்ணாச்சி சேத்துவிட்டாரு. இப்ப சூறைக்குருவி வந்தா முதல் ஆளா கத்துறேன், ரோசி மைனான்னா எல்லாருக்கும் தெரியும். மத்திய ஆசியாவுல இருந்து ஆயிரக்கணக்குல வந்து, சாயங்காலம் அடையப் போறதுக்கு முன்னாடி வானத்துல ஒரு புகை மாதிரி சுருண்டு சுருண்டு திரும்பும். அதுக்கு ஊரையே கூட்டிட்டு வாங்க, மெரினா மாதிரி கூட்டம் போட்டாலும் அதுக்கு ஒண்ணுமில்லை. கூடுன்னா மூச்சு விடமாட்டேன். ஆந்தைன்னா கூடு இல்லாட்டியும் மூச்சு விடமாட்டேன். ஈபேர்டுல லிஸ்ட்டை மத்தவங்களுக்குத் தெரியாம மறைச்சு வைக்கவும் வழி இருக்கு, குஞ்சு பறந்த பிறகு மாசம் கழிச்சு ஏத்தலாம். அது கணக்குல வந்துரும், ஆளு வராது. நடுவுல கெடக்குற பறவைங்க விஷயத்துல இன்னும் குழப்பம்தான். போன வருஷம் ஒரு காலேஜ் பொண்ணு, புதுசா பாக்க ஆரம்பிச்சவ, ஆசையா தனியா மெசேஜ் போட்டு ஒரு பறவை இருக்கிற இடம் கேட்டா. நான் தெரியாதுன்னு பொய் சொல்லிட்டேன். அண்ணாச்சி என்னை அப்படி நடத்தியிருந்தா நான் இன்னிக்கு எங்க இருந்திருப்பேன்னு யோசிச்சு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. அடுத்த வாரம் அவளை ஸ்கூட்டியில பின்னாடி உக்கார வச்சு நானே கூட்டிட்டுப் போனேன். பின் மட்டும் கொடுக்கலை.

போன ஜனவரி, கணக்கெடுப்புக்கு ரெண்டு நாள் முன்னாடி. தாத்தா கரையில உக்காந்து பீடி பத்த வச்சுட்டு, என்னைப் பாக்காம குளத்தைப் பாத்துட்டே கேட்டாரு, "அந்தக் கேமராக்காரங்க இன்னும் வருவாங்களா?"

"இல்ல தாத்தா. இப்ப யாரும் வர்றதில்ல."

கொஞ்ச நேரம் பேசலை. பீடி முடிஞ்சுது. எந்திரிச்சு நடந்தாரு, வான்னும் சொல்லலை, நான் பின்னாலயே போனேன். குவாரிக்குப் போகலை, அதைத் தாண்டி மேக்க, பொத்தையோட அந்தப்பக்கம். கைய நீட்டிக்கூடக் காட்டலை, தாடையை லேசா தூக்கினாரு. பாறை. செடி. ரொம்ப நேரம் கழிச்சு ஆரஞ்சுக் கண்ணு. ஒரே ஒரு போட்டோ எடுத்தேன், நின்ன இடத்துல இருந்து ஒரு அடி முன்னால போகாம. அதுதான் இந்த போட்டோ.

திரும்பி வரும்போது குளத்துல வரித்தலை வாத்து இருந்துச்சு. ராத்திரி வயல்ல மேஞ்சுட்டு பகல்ல வந்து அடையும். நான் பத்துப் பத்தா எண்ணினேன், ஒரு பத்து எவ்வளவு அகலம்னு கண்ணுல வாங்கிட்டு அப்படியே கூட்டத்து மேல வச்சு வச்சுப் போறது, எல்லாரும் அப்படித்தான் எண்ணுவோம். போன்ல ஏத்தினேன். தாத்தா பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தாரு.

"எத்தனை போட்டிய?"

"நூத்தி நாப்பத்திரெண்டு தாத்தா."

அவரு கண்ணைச் சுருக்கிக் கூட்டத்தைப் பாத்தாரு. உதடு லேசா அசையுது. பட்டியில ஆட்டை விடுற மாதிரி, ரெண்டு ரெண்டா.

"அந்தத் திட்டுக்குப் பொறத்தால எட்டு படுத்துக் கெடக்கு"ன்னாரு. "நேத்தும் அங்கனதான் கெடந்துது."

பைனாகுலரை எடுத்தேன். திட்டுக்குப் பின்னால கோரைப்புல்லு, அதுக்கு மேல வெள்ளையா ஏதோ ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு. நான் இருந்த இடத்துல இருந்து ஆறுதான் தெரிஞ்சுது. செருப்பைக் கழட்டி ஸ்கூட்டிக்கிட்ட வச்சுட்டு, கரையில இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனேன்.